வாய் மூடிய புலி: சீமெந்தில் ஒரு சிறுத்தையைச் செய்து வைக்கும் முறை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் சிறுத்தை என்று சொல்வதில்லை. புலி என்றுதான் சொல்வோம். இலங்கைக் காட்டில் வரிப்புலி இல்லை என்பதால் அந்தப் பெயரால் குழப்பமும் வருவதில்லை. இங்கேயும் புலி என்றே எழுதுகிறேன்.

நான் மேசன். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். எனக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது எங்கள் மாரியம்மன் கோயில் கோபுர வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு ஸ்தபதி ஐயா வந்தார். அவருக்குக் கலவை சுமந்து கொடுக்கப் போய்ச் சுதை வேலையைக் கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து சிங்கம், மயில், ரிஷபம், குதிரை என்று எத்தனையோ செய்துவிட்டேன். அவற்றுக்கு அளவும் இலக்கணமும் உண்டு. கோயில் சிங்கத்துக்குப் பிடரி சுருள் சுருளாக இருக்க வேண்டும், விழி பிதுங்க வேண்டும், வாய் பிளந்திருக்க வேண்டும். அது காவல் நிற்கிற உருவம்.

புலிக்கு ஐயா எனக்கு எந்த இலக்கணமும் சொல்லித் தரவில்லை. பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஆனால் யார் கேட்டாலும் பல்லோடு கேட்கிறார்கள். “வாயைத் திறந்து வையுங்கள் அண்ணே, அப்போதுதான் புலி மாதிரி இருக்கும்” என்பார்கள். நான் மூடித்தான் வைப்பேன். இந்த மலையில் உயிருள்ள புலியை ஒன்பது தடவை பார்த்திருக்கிறேன். பல்லைக் காட்டிய புலியை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அன்று அது சுருக்கில் கிடந்தது.

ஏழாம் நம்பர் தேயிலை மலையின் ஓரம், தண்ணீர் ஓடுகிற கானுக்கு மேலே. காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்கு. வைத்தவர் எங்கள் லயத்துக்காரர், எனக்கு மாமா முறை. அந்த வருடம் அவருடைய போஞ்சித் தோட்டத்தையும் உருளைக்கிழங்கையும் பன்றி இரண்டு இரவில் உழுதுவிட்டுப் போயிருந்தது. வாகனத்துக் கிளச் கம்பியை வளையமாகக் கட்டி மரத்தடியில் வைத்திருந்தார். பன்றி வரவில்லை, புலி வந்தது. கம்பி இடுப்பைச் சுற்றி இறுக்கிவிட்டது. இழுக்க இழுக்க இறுகுமே தவிர அது தளராது. விடிந்ததும் நூறு பேர் கூடிவிட்டோம். ஒவ்வொரு சத்தத்துக்கும் அது பல்லைக் காட்டிச் சீறியது. பொலிஸ் வந்து கூட்டத்தைத் தள்ளி நிறுத்தி, எல்லாரும் வாயடைத்து நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில், அது வாயை மூடிக்கொண்டு தாடையை முன்னங்காலின் மேல் வைத்தது. மதியம் மயக்க ஊசி போட்டுக் கொண்டுபோனார்கள். மறுநாள் செத்துவிட்டது என்று செய்தி வந்தது. வெளியே பெரிய காயம் தெரியவில்லை. கம்பி உள்ளுறுப்பை அறுத்திருக்கிறது.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கரும்புலி இதேபோலச் சிக்கியது பலருக்கு நினைவிருக்கும். உடவளவை வரைக்கும் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்தும் அது பிழைக்கவில்லை. கரும்புலி தனி இனமில்லை. அதே புலிதான், தோலில் கறுப்பு மிகுந்து பிறந்தது. வெயிலில் நிற்கும்போது கறுப்புக்குள்ளே பூப்புள்ளிகள் தெரியும்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் செய்து கொடுப்பது, பாறைமேல் படுத்து லயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற புலி. வாய் மூடியிருக்கும். அதைச் செய்யும் முறையைத்தான் சொல்லப்போகிறேன். மேசன் வேலை தெரிந்த தம்பிமார் யாரும் செய்துவிடலாம்.

முதலில் காலடி

கலவை குழைப்பதற்கு முன்னால் ஒரு மாதமாவது பார்க்க வேண்டும். புலியைத் தேடிக் காட்டுக்குள் போகச் சொல்லவில்லை, போகவும் கூடாது. காலடி போதும். மழை விட்ட மறுநாள் காலையில் கான் ஓரத்துச் சேற்றிலும் தேயிலைக்கு நடுவே போகிற பாதையிலும் கிடைக்கும். நாயின் காலடியில் நகம் குத்தியிருக்கும். புலி நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் அதன் காலடியில் நகக் குறி இருக்காது. உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பையும் பாருங்கள், மூன்று மடிப்பாக இருக்கும். நாய்க்கு அப்படி இல்லை.

நல்ல காலடி கிடைத்தால் அச்சு எடுத்துவிடுங்கள். பால்மா டின்னை வெட்டி மூன்று விரல் அகலத்தில் ஒரு வளையம் செய்து காலடியைச் சுற்றி அழுத்துங்கள். ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்து, பாரிஸ் சாந்துப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் தூவுங்கள். பொடியில் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். தயிர்ப் பதம் வந்ததும் வளையத்தின் ஓரத்திலிருந்து மெதுவாக ஓடவிடுங்கள். அரை மணி நேரம் கழித்து மண்ணோடு தோண்டி எடுத்து வீட்டில் கழுவுங்கள். என்னிடம் இருக்கும் அச்சு மூன்றங்குல அகலம். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் முன்பாதத்தைச் செய்கிறேன். விரல் நான்குதான் தரையில் பதியும். ஐந்தாவது, முன்காலின் உள்பக்கம் சற்று மேலே இருக்கிறது. பின்காலில் நான்கே விரல்தான்.

அளவு: இலங்கையில் ஆண் புலி மூக்கிலிருந்து வாலடி வரை சராசரியாக 4 அடி 2 அங்குலம், வால் 2 அடி 10 அங்குலம். பெண் 3 அடி 5 அங்குலம், வால் இரண்டரை அடி. வால் என்பது உடம்பின் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் என்று பாருங்கள். பார்க்காமல் செய்கிறவர்கள் வாலைக் குட்டையாக்கி நாயாக்கிவிடுகிறார்கள்.

இடம் பார்ப்பது

இயற்கையாகக் கிடக்கிற ஒரு பாறையைத் தேர்ந்தெடுங்கள். அனுராதபுரத்து இசுருமுனியாவில், குளத்து நீர் தொடுகிற இடத்தில், பாறையிலேயே யானைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அவை நீருக்குள் இறங்குவது போலவே இருக்கும். பாறையின் வளைவைக் கல்தச்சன் மாற்றவில்லை, அந்த வளைவுக்குள் யானையைக் கண்டுபிடித்திருக்கிறான். ஐயா எனக்கு மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தின் படத்தையும் காட்டினார். எங்கள் மலையில் கூத்தாக ஆடுகிற அருச்சுனன் தபசுதான் அது என்று சிலர் சொல்வார்கள், கங்கை இறங்கும் கதை என்பார்கள் வேறு சிலர். தேவர்களும் முனிவர்களும் நிறைந்த அந்தப் பாறையில், கீழே ஒரு மான் பின்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. “இதைச் செய்தவன் மானைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவன்” என்றார் ஐயா. எனக்கு அவர் கொடுத்த பெரிய பாடம் அது.

பாறைக்கு முன்னால் இரண்டு மூன்று நாள் வெவ்வேறு நேரத்தில் போய் நில்லுங்கள். புலி எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கும், முன்கால் எந்த விளிம்பில் தொங்கும் என்று பாறையே சொல்லும். கரித்துண்டால் பாறையின்மேல் கோடு போட்டுக்கொள்ளுங்கள். உருவம் முடியும்போது நூறு கிலோவுக்கு மேல் கனக்கும், பிறகு தூக்கி மாற்ற முடியாது.

எலும்புக்கூடு

6 மில்லிமீட்டர் கம்பி ஒரு முழு நீளம், அதாவது 40 அடி, ஒரு சுருள் கோழிவலை, கட்டுக்கம்பி, பாறையில் ஊன்ற 12 மில்லிமீட்டர் கம்பித் துண்டு இரண்டு, ஒரு மூடை சீமெந்து, மணல். இவ்வளவு போதும். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கீழே பாறையில் நான்கு அங்குல ஆழத்துக்குத் துளை போட்டு, 12 மில்லிமீட்டர் கம்பியை வெறும் சீமெந்துக் குழம்பு ஊற்றி நிறுத்துங்கள். கூடு அதில்தான் நிற்கும்.

முதுகெலும்புக் கம்பியை நேராக வைக்காதீர்கள். படுத்திருக்கும் புலியின் முதுகு தோளுக்குப் பின்னால் சற்று இறங்கி, இடுப்பில் மறுபடி ஏறும். தோள்பட்டை எலும்பு முதுகெலும்போடு மூட்டாகப் பொருந்தியதில்லை. தசையில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் முன்கால்களை ஊன்றிப் படுக்கும்போது இரண்டு தோள்பட்டை முனையும் முதுகுக்கு மேலே இரண்டு மேடாகத் தெரியும். அந்த இரண்டு மேடும் இல்லாவிட்டால் எவ்வளவு புள்ளி வைத்தாலும் அது மெத்தைதான். பின்காலில் பலர் ஏமாறுவது குதிகாலில். பின்பக்கமாக மடங்கிய முழங்கால் என்று அவர்கள் நினைப்பது உண்மையில் குதிகால். புலி குதிகாலைத் தூக்கி விரல்களை ஊன்றி நடக்கிற பிராணி. முழங்கால் மேலே, வயிற்றோடு ஒட்டி இருக்கிறது. பூனையைத் தூக்கி ஒரு தடவை தடவிப் பாருங்கள், புரிந்துவிடும்.

வாலுக்கு நான் சுருக்குக் கம்பியைப் பயன்படுத்துகிறேன். முதல் புலியைச் செய்துகொண்டிருந்தபோது மாமா ஒரு சாக்குப்பையோடு வந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்தார். அவிழ்த்தேன். ஆறு கம்பிகள், ஆறும் சுருக்கு முடிச்சோடு. அவர் வைத்திருந்தவை அத்தனையையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு கம்பியின் முறுக்கில், இழைகளுக்கு இடையே, நகத்தின் நீளத்துக்கு மஞ்சள் மயிர் நாலைந்து சிக்கியிருந்தது. அடியில் வெளுப்பு, நுனியில் பழுப்பு. அதை எடுக்கவில்லை. அந்தக் கம்பியை அப்படியே முதுகுத்தண்டோடு சேர்த்துக் கட்டிக் கலவை போட்டேன்.

இதைச் செய்ய நினைப்பவர்கள் கவனியுங்கள். கிளச் கம்பிக்கு விசைத்தன்மை அதிகம், வளைத்தால் நிற்காது. கால், முதுகு போன்ற பாரம் தாங்கும் இடங்களுக்கு அதை நம்பக்கூடாது. வாலுக்கும், கம்பிகளைச் சுற்றிக் கட்டுவதற்கும் நல்லது. கிரீஸ் இருக்கும், மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவாவிட்டால் கலவை பிடிக்காது. சுருக்கைத் தேடி நீங்களாகப் போகவும் வேண்டாம். வைத்தவரே கொண்டுவந்து கொடுக்கும்படி பேசுங்கள். மிருகம் சிக்கியிருந்தால் கிட்டே போகாமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கோ பொலிஸுக்கோ உடனே சொல்லி, அவர்கள் வரும்வரை கூட்டத்தையும் சத்தத்தையும் தடுப்பதுதான் நாம் செய்யக்கூடிய உதவி.

கூட்டின்மேல் கோழிவலையை இரண்டு மடிப்பாகப் போர்த்திக் கட்டுங்கள். உள்ளே வெறுமையாகவே இருக்கட்டும். வயிற்றின் அடியில் விரல் நுழைகிற அளவுக்கு இரண்டு துளை விடுங்கள். உள்ளே வேர்க்கிற தண்ணீர் இறங்க வழியில்லாவிட்டால் இரண்டாவது மழைக்காலத்தில் கம்பி துருப்பிடித்து உருவம் வெடிக்கும்.

கலவை

எங்கள் பக்கத்தில் ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் இந்த வேலையை முடித்துவிட வேண்டும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் படங்கு கட்டினாலும் பயனில்லை. நுவரெலியாப் பக்கத்தவர்களுக்கு வேறு தொல்லை. ஜனவரி, பெப்ரவரியில் இரவில் உறைபனி விழும். ஈரக் கலவை உறைந்தால் மேல்தோல் பொரிந்து உதிரும். மாலையிலேயே சாக்குப் போட்டு மூடிவிடுங்கள்.

மணலை ஒரு போத்தலில் பாதி போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்துப் பாருங்கள். மேலே தடித்த சேற்றுப் படலம் படிந்தால் மணலைக் கழுவ வேண்டும். ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டரைப் பங்கு மணல். கடைசிப் பூச்சுக்கு மெல்லிய அரிதட்டில் அரித்த மணல் இரண்டு பங்கு. தண்ணீரைக் குறையுங்கள், ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் வடியக்கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சீமெந்து கையைத் தின்றுவிடும், என் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முதல் பூச்சைக் கரண்டியால் போடாமல் கட்டைவிரலால் வலைக்குள் அழுத்தித் தள்ளுங்கள். ஓட்டை விழுந்த இடத்தில் நீர் நிற்கும். ஆணியால் கீறிவிட்டு ஒரு நாள் ஈரச் சாக்குப் போட்டு விடுங்கள். மறுநாள் இரண்டாம் பூச்சில் தசை: தோள், தொடை, விலாவின் கடைசி எலும்புக்குப் பின்னால் விழுகிற பள்ளம். மூன்றாவது தோல், ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) கனம் போதும். மயிர் என்று கோடு கோடாகக் கீற வேண்டாம். புலியின் மயிர் குட்டை. ஈரப் பஞ்சை மூக்கிலிருந்து வால் பக்கமாக ஒரே போக்கில் இழுத்தால் அந்த மினுமினுப்பு தானாக வரும்.

முகம்

முகத்துக்கு மட்டும் ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். வேறு வேலை வேண்டாம்.

வாய் மூடியிருப்பதுதான் கடினம். திறந்த வாய்க்குப் பல்லும் நாக்கும் துணைக்கு வந்துவிடும், பார்ப்பவன் கண் அங்கேயே நின்றுவிடும். மூடிய வாய்க்குத் துணை எதுவும் இல்லை. மூக்குக்குக் கீழே ஒரு சிறிய நேர்கோடு, அதன் அடியிலிருந்து இரண்டு பக்கமும் கீழிறங்கிப் பின்னால் போகிற கோடு. அதன் கடைசி முனையை மேலே தூக்கினால் புலி சிரிக்கும், கீழே இழுத்தால் அழும். நான் ஈர்க்குச்சியால் ஒரே இழுப்பில் கீறுவேன். சரியில்லையென்றால் அந்த இடத்தை முழுதாக வழித்தெடுத்துவிட்டு மறுபடி கலவை போடுவேன், ஒட்டுப்போட்டுத் திருத்துவதில்லை. மீசை முளைக்கிற கன்னப் பகுதி இரண்டு பக்கமும் உப்பலாக இருக்க வேண்டும். அந்த உப்பல்தான் தாடைக்குள்ளே இருக்கிற பலத்தைச் சொல்லும்.

காது சிறியது, உருண்டை, தலையின் இரு ஓரத்திலும் தள்ளி இருக்கும். பூனைக்குப் போலக் கூராக்காதீர்கள். கண்மணியும் அப்படித்தான். வீட்டுப் பூனைக்கு வெயிலில் கண்மணி கீற்றாகிவிடும். புலிக்கு வட்டமாகவே சுருங்கும். சிலர் கண்ணாடிக் கோலிக்குண்டைப் பதிக்கிறார்கள், அது முறைத்துக்கொண்டே இருக்கும். நான் கண்மணி இருக்கும் இடத்தில் பட்டாணி அளவு குழி தோண்டி, மேல் இமையை ஒரு நெல் கனத்துக்கு வெளியே தள்ளிவிடுவேன். இமையின் நிழல் குழிக்குள் விழும். காலையில் ஒரு பார்வை, மாலையில் ஒரு பார்வை என்று வெயிலோடு அது மாறும்.

புள்ளி

ஏழு நாள் ஈரச் சாக்கு மாறாமல் இருக்கட்டும். வண்ணத்துக்கு 28 நாள் பொறுங்கள். அதற்கு முன் அடித்தால் சீமெந்தின் காரம் வண்ணத்தைத் தின்றுவிடும். அடி வண்ணம் வெறும் மஞ்சள் இல்லை. காய்ந்த மானாப்புல் நிறம்; முதுகில் செம்மை கூடி, வயிற்றில் வெளுத்துப் போக வேண்டும்.

புள்ளியை வட்டம் போட்டு நிரப்பாதீர்கள். விலாவில் இருப்பவை உடைந்த வளையங்கள். இரண்டு, மூன்று, நான்கு கறுப்புத் திட்டுகள் சேர்ந்து ஒரு பூ. பூவின் நடுவே அடி வண்ணத்தைவிட ஒரு மாற்று கருமை, ஆனால் அதற்குள் புள்ளி கிடையாது. தலை, கால், வயிறு ஆகிய இடங்களில் முழுப் புள்ளிகள். காதின் பின்புறம் கறுப்பு, நடுவில் வெள்ளைத் திட்டு.

ஒரு புலியின் புள்ளி இன்னொன்றுக்கு இருக்காது. நம் கைரேகை போல. ஆராய்ச்சி செய்கிறவர்கள் காட்டில் வைக்கிற கமராப் படங்களில் புள்ளியைப் பார்த்தே இது இன்ன புலி என்று அடையாளம் சொல்கிறார்கள். ஒரே புலியின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட வேறு வேறு. அதனால் மனம்போன போக்கில் புள்ளி வைக்காமல், ஏதாவது ஒரு புலியின் தெளிவான படத்தைப் பார்த்து வையுங்கள்.

நான் வைத்தது ஏழாம் நம்பரில் செத்த புலியின் புள்ளிகள். பக்கத்துக் காம்பராத் தம்பி அன்று போனில் எடுத்திருந்த படங்களைப் பெரிதாக்கி அச்சடித்து, கட்டம் போட்டு, விலாவில் அதே கட்டத்தைக் கரியால் வரைந்து ஒவ்வொன்றாக மாற்றினேன். தோள்பட்டைக்குப் பின்னால் மூன்று முழுப்புள்ளி அடுப்புக் கல் போல முக்கோணமாக இருக்கும், அதற்குக் கீழே பாதி வட்டம் ஒன்று. அதை முடிக்க நான்கு நாள் ஆயிற்று. எல்லாப் படமும் இடப்பக்கத்தையே காட்டின. வலது விலா யார் போனிலும் இல்லை. இது முன்பே தெரிந்திருந்ததால், கூடு கட்டும்போதே வலப்பக்கம் மேட்டுப் பாறையோடு ஒட்டிச் சாய்ந்திருக்கும்படி அமைத்துவிட்டேன். எனக்குத் தெரியாத புள்ளியை அதன்மேல் நான் வைக்கவில்லை.

பிறகு

எங்கள் அக்கா முப்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள். ஒரு காலை, தேயிலைக்குள் படுத்திருந்த புலி மூன்று செடி தள்ளி எழுந்து ஓடியதில் பயந்து விழுந்து கை முறிந்தவள். சிலையைப் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வண்ணம் முடிந்த மறுவாரம் கூடையோடு வந்து பாறைக்கு முன்னால் நின்றாள். வெகுநேரம் நின்றாள். “இவ்வளவு சின்னதா இது?” என்று கேட்டாள். அளவு மாறவில்லை அக்கா, அச்சு அசலாக அந்த அளவுதான் என்றேன். பக்கத்தில் போய் முன்பாதத்தின்மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். இன்றும் மலைக்குள் இறங்குவதற்கு முன்னால் கைதட்டிக் குரல் கொடுத்துவிட்டுத்தான் இறங்குகிறாள். எல்லாரும் அப்படித்தான் செய்ய வேண்டும். படுத்திருப்பது எழுந்து போக அதற்கு நேரம் கிடைக்கும்.

பராமரிப்புக்கு அதிக வேலை இல்லை. ஆண்டுக்கு ஒரு தடவை, மழை முடிந்தபின், வயிற்றுத் துளைகளைக் குச்சியால் குத்தி அடைப்பெடுங்கள். மயிர்க்கோடு போல வெடிப்பு கண்டால் வெறும் சீமெந்துக் குழம்பைத் தூரிகையால் ஊட்டுங்கள். பாசி படிந்தால் தென்னந்தும்பால் தேய்த்தால் போதும், கம்பித் தூரிகை வேண்டாம். சிலர் குங்குமம் வைப்பார்கள், பூ வைப்பார்கள். வைக்கட்டும். எண்ணெய் மட்டும் சாத்தவேண்டாம் என்று சொல்லுங்கள். எண்ணெயில் தேயிலைத் தூசி ஒட்டி ஆறே மாதத்தில் புள்ளி மறைந்துவிடும்.